அழற்சி மருந்தும் மனநிலையும்

உடலுக்கு இடும் மருந்து உள்ளத்தையும் தொடுமோ எனப் பலர் ஐயுறுவர். 2021-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், கோயமுத்தூரில் நாள்தோறும் புதிதாய்க் கொரோனா நோயுற்றோர் தொகை சென்னையையும் விஞ்சிற்று. அந்நோயால் மூச்சுத் திணறினோர்க்கு நுரையீரல் அழற்சியைத் தணிக்க அளிக்கப்பெற்ற மருந்துகளுள் டெக்சாமெதசோன் ஒன்று.

இது ஸ்டீராய்டு இனத்தது. சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் இயல்பாய்ச் சுரக்கும் பொருளை ஒத்தது. அழற்சியை அடக்கும் இதுவே மூளையிலும் தொழிற்படும். ஆதலின் இதனை உண்போருள் சிலர் உறக்கமின்றிக் கிடப்பர். சிலர் காரணமின்றிக் களிப்பர், அன்றிச் சினப்பர். சிலர் சோர்ந்து அழுவர். 1948-இல் ஹென்ச் என்னும் அமெரிக்க மருத்துவர், இவ்வினத்ததாகிய கார்ட்டிசோனை மூட்டுவாத நோயாளிக்கு முதன்முதல் செலுத்தினார். அதன் பின்னர்ச் சில ஆண்டுகளுக்குள்ளேயே மருத்துவர் இவ்விளைவுகளைக் கண்டறிந்தனர்.

எனவே, இம்மருந்துண்பார் ஒருவர் வீட்டாரைக் கடிந்து பேசின், அவர் குணங்கெட்டார் எனப் பழித்தல் முறையன்று. பெரும்பாலோர்க்கு மருந்து குறையவே மனமும் தெளியும். ஆயினும் மருந்தைத் தாமாகவே நிறுத்தலாகாது. பல வாரம் உண்டதனைத் திடீரென விடின், ஓய்ந்திருந்த சுரப்பிகள் உடனே தொழிற்படா. அது உயிர்க்கே இடராம். மருத்துவரிடம் காய்ச்சலைக் கூறுவதுபோலவே உறக்கமின்மையையும் மனத்துயரையும் நாம் கூசாது கூறுவோமாக. அவர் அளவினைப் படிப்படியாய்த் திருத்துவார்.