பழைய கம்ப்யூட்டரின் வன்தட்டும் அதற்கு வேண்டிய மின்சக்தியும்

நின்ற வண்டியை நகர்த்துதற்கு எருதுகள் தோள்கொடுத்து முக்குவதையும், நகர்ந்த பின் அதே வண்டியை அவை எளிதில் இழுத்துச் செல்வதையும் நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். பௌதிக சாஸ்திரத்தின் இவ்வெளிய உண்மையை மறந்தமையால், பழைய கம்ப்யூட்டர்களின் வன்தட்டுகள் பல, பழுதில்லாதிருந்தும் பழுதென்று எறியப்படுகின்றன. அவற்றுடன் ஒருவர் பல்லாண்டு எழுதிச் சேர்த்தனவும் அழிகின்றன. ஆதலின் இவ்விஷயத்தைச் சிறிது ஆராய்வோம்.

ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டு, காந்தப் பூச்சுடைய வட்டத் தகடுகளால் ஆயது. 1981-ஆம் ஆண்டளவில் சீகேட் கம்பெனியார் வெளியிட்ட எஸ்.டி.-412 என்னும் தட்டு 10 மெகாபைட் கொள்ளும். நிமிஷத்திற்கு 3,600 முறை சுழலும். இத்தகைய தட்டுகளுக்கு இருவகை மின்னழுத்தம் வேண்டும். எழுத்துக்களைப் படிக்கும் சுற்றுகளுக்கு 5 வோல்ட். தகட்டைச் சுழற்றும் மோட்டாருக்கு 12 வோல்ட். சுழலும்போது மோட்டார்த் தடத்தில் ஏறக்குறைய 2 ஆம்பியர் போதும். நின்ற நிலையினின்றும் கிளம்பும் முதற் சில விநாடிகளிலோ, அதைப்போல் இருமடங்கும் அதற்கு மேலும் வேண்டும்.

இனி, அதே 1981-ல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யின் மின்சாரப் பெட்டியை நோக்குவோம். அதன் மொத்த ஆற்றல் 63.5 வாட். அதில் 5 வோல்ட் தடத்திற்கு 7 ஆம்பியர், அஃதாவது 35 வாட். 12 வோல்ட் தடத்திற்கு 2 ஆம்பியரே, அஃதாவது 24 வாட். எஞ்சியது எதிர்மறைத் தடங்களுக்கு. பிளாப்பித் தட்டுகளை மட்டும் எண்ணிச் செய்த பெட்டியாதலின் அஃது அவற்றிற்குப் போதுமானதே. அதிற் பழைய வன்தட்டொன்றைப் பூட்டினால் நிகழ்வது யாது?

சில ஆண்டுகட்கு முன் நாமே அதைக் கண்டோம். நண்பரொருவர், காலஞ்சென்ற தம் தந்தையாரின் கடிதங்கள் அடங்கிய யந்திரமொன்றைக் கொணர்ந்தார். விசையைத் தட்டியதும் தட்டு முனகிச் சுழலத் தொடங்கும், உடனே தளரும், யந்திரம் அணைந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பார்த்தவர் ஒருவர், தட்டு இறந்துவிட்டதெனத் தீர்ப்புக் கூறியிருந்தார். நாம் 12 வோல்ட் தடத்தை அளந்தோம். ஐந்து சதவீத ஏற்றத்தாழ்வே அனுமதிக்கப்படுவதால் 11.4 வோல்ட்டிற்குக் கீழ் இறங்கலாகாது. அதுவோ தட்டுக் கிளம்புந்தோறும் 11-க்கும் கீழே வீழ்ந்தது. தட்டிற்கு மட்டும் வேறொரு வலிய பெட்டியை இணைத்தோம். இரு பெட்டிகளின் தரைக்கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்தோம். தட்டு தங்குதடையின்றிச் சுழன்றது. கடிதங்கள் அனைத்தையும் அன்றே பிரதி செய்து கொண்டோம். நோய் தட்டிற்கன்று, பசியே நோய்.

இவ்வழி நாம் புதிதாகக் கண்டதன்று. 1983-ல் ஐ.பி.எம். கம்பெனியார் வன்தட்டுடன் கூடிய எக்ஸ்.டி. யந்திரத்தை வெளியிட்டபோது, 12 வோல்ட் தடத்தில் 4.2 ஆம்பியர் தரும் 130 வாட் பெட்டியை அதில் அமைத்தனர். முந்திய பி.சி. உடையார்க்கோ, வன்தட்டும் தனி மின்சாரப் பெட்டியும் கொண்ட 5161 என்னும் விரிவுப் பெட்டியை அளித்தனர்.

குறைவு தீங்காயின் சுமையின்மையும் தீங்காம். 1984-ல் வந்த ஏ.டி. யந்திரத்தின் 192 வாட் பெட்டி, போதிய சுமையின்றிச் செவ்வையாய் இயங்காது. ஆகவே வன்தட்டில்லாத யந்திரங்களில் 5 ஓம் மின்தடையொன்றை 12 வோல்ட் தடத்தில் பூட்டியனுப்பினர். அது 2.4 ஆம்பியர் உண்டு, 28.8 வாட் வெப்பத்தை வீணே உமிழும். மாணவர்கள் ஓம் விதியைக்கொண்டு இக்கணக்கைத் தாமே சரிபார்க்கலாம்.

எனவே மாற்றுப் பெட்டி தேடுவோர் மொத்த வாட்டைக் கண்டு மயங்கலாகாது. முதலில், 12 வோல்ட் தடத்தின் ஆம்பியர் அளவைத் தட்டின் தொடக்கத் தேவையோடு ஒப்பிடுக. இரண்டாவது, 5 வோல்ட் தடத்தையும் பார்க்க. இக்காலப் பெட்டிகள் தம் ஆற்றலிற் பெரும்பகுதியை 12 வோல்ட்டிலேயே வைத்துள்ளன. மூன்றாவது, முதற் பி.சி.யின் 16 கே மெமரிச் சில்லுகளுக்கு எதிர்மறை 5 வோல்ட்டும் வேண்டும். பிற்காலப் பெட்டிகளில் அத்தடம் நீக்கப்பட்டது. நான்காவது, அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி 115 வோல்ட்டிற்கு மட்டும் அமைந்ததா எனக் காண்க. நம் நாட்டு 230 வோல்ட்டில் அதை நேரே இணைப்பின் அக்கணமே அழியும்.

மற்றோர் எச்சரிக்கை. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் பெட்டியினுள் உள்ள மின்தேக்கிகளில் 300 வோல்ட்டிற்கு மேல் தங்கியிருக்கலாம். ஆதலின் ஆசிரியர் துணையின்றி எம்மாணவரும் அதைத் திறத்தலாகாது.

பழைய தட்டொன்று சுழல மறுக்குமாயின், அதைக் குற்றவாளியென்று தீர்க்குமுன் மின்னழுத்தத்தை ஒருமுறை அளந்து பார்ப்போமாக. அளவாமல் கூறும் தீர்ப்பு சாஸ்திரமாகாது. எறிந்த தட்டினின்று எக்கடிதமும் மீளப்போவதில்லை.