வீட்டில் பூரி சுடுதல்: மாவுப் பதமும் எண்ணெய்க் கணக்கும்

(அங்கத்தினர் படிப்பு வட்டத்திற்குரிய பாடம்)

நெசவாளர் இல்லமாயினும் உழவர் இல்லமாயினும், இன்று ஆனையூர் வட்டாரத்தில் பூரியை அறியாத அடுக்களை இல்லை. எனினும் நம் பாட்டனார் காலத்தில் கோதுமை மதுரைச் சமவெளியின் அன்றாட உணவாக இருந்ததில்லை. நெல்லும், சோளமும், கம்பும், கேழ்வரகுமே நம்மை வளர்த்தன. 1956-ஆம் ஆண்டில் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட பி.எல். 480 ஒப்பந்தத்தின்படி கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்கிற்று. அரிசித் தட்டுப்பாடு மிகுந்த 1960-களில் அது பங்கீட்டுக் கடைகளின் வாயிலாக நம் வீடுகளுக்கும் வந்தது. சிற்றுண்டிச் சாலையில் உண்டு மகிழ்ந்த பூரியை வீட்டிலேயே சுட நம் தாய்மார்கள் அவ்வாறு பழகினர்.

உலகின் வேறிடத்திலும் இதை ஒத்த வரலாறு உண்டு. 1864-ஆம் ஆண்டில் தம் நிலத்திலிருந்து துரத்தப்பட்ட அமெரிக்க நவஹோ மக்கள், அரசாங்கம் பங்கீடாகக் கொடுத்த கோதுமை மாவையும் விலங்குக் கொழுப்பையும் கொண்டே பொரித்த ரொட்டி செய்து உயிர் பிழைத்தனர். இடுக்கண் காலத்தில் உதவிய அப்பண்டம் பின்னர் வழக்கமான உணவாயிற்று. அளவின்றி உண்டால் உடலுக்குத் தீங்கு என்னும் விவாதம் இன்று அம்மக்களிடையே எழுந்துள்ளது. நமக்கும் அது பொருந்தும். பூரியைக் கைவிட வேண்டுவதில்லை. எண்ணெய் குடியாத பூரி சுடக் கற்றுக்கொள்ள வேண்டும். இப்பாடத்தின் நோக்கம் அதுவே.

நாமே பட்டறிந்த செய்தி

முன்னொருகால் விருந்தினர் பதின்மருக்குப் பூரி சுட முற்பட்டோம். மாவு விரைவில் இளகட்டும் என்று நீரைத் தாராளமாக விட்டோம். நேரம் மிச்சமாகட்டும் என்று சட்டியில் நான்கு பூரிகளை ஒருங்கே போட்டோம். ஒன்றேனும் உப்பவில்லை. அப்பளம் போல் தட்டையாய்க் கிடந்து எண்ணெயைக் குடித்தன. விருந்தினர் முன் நாம் நாணியதோடு, சட்டியிலிருந்த எண்ணெயும் வெகுவாகக் குறைந்திருந்தது. பக்கத்து வீட்டு நெசவாளர் அம்மையார் மாவைத் தொட்டுப் பார்த்து, “கஞ்சி நீர்த்துப்போனால் பாவு நிற்குமா, தம்பி? மாவும் அப்படித்தான்” என்றார். அன்று கற்றதையே இங்குக் கூறுகின்றோம்.

வேண்டிய பொருள்கள்

கோதுமை மாவு 250 கிராம், ரவை ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, பிசைவதற்கு எண்ணெய் ஒரு தேக்கரண்டி, தண்ணீர் ஏறக்குறைய 120 மில்லி லிட்டர், பொரிப்பதற்குக் கடலெண்ணெய் அரை லிட்டர். இவ்வளவில் சிறு எலுமிச்சம்பழ அளவுள்ள உருண்டைகள் சுமார் பதினைந்து கிடைக்கும். ரவை சேர்ப்பதால் பூரி சற்று மொறுமொறுப்பாக இருக்கும், விரைவில் தொய்ந்துபோகாது.

மாவின் பதம்

மாவு, ரவை, உப்பு மூன்றையும் கலந்து, எண்ணெயைத் தெளித்து விரல்களால் தேய்க்க வேண்டும். பின்னர் நீரை ஒரேயடியாக ஊற்றாது, சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசைதல் வேண்டும். சப்பாத்தி மாவைக் காட்டிலும் இது கெட்டியாக இருத்தல் அவசியம். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். விரலில் மாவு ஒட்டலாகாது. நன்கு பிசைந்தபின் ஈரத்துணியால் மூடிக் கால் மணி நேரம் வைத்திருக்கலாம். அதற்கு மேல் நெடுநேரம் வைத்தால் மாவு இளகிவிடும்.

உருண்டைகளைப் பிளவின்றி உருட்டி, நாலரை அங்குல அகலத்தில், இரண்டு மில்லி மீட்டர் கனத்தில், நடுவும் ஓரமும் ஒரே சீராக இருக்குமாறு தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது உலர்ந்த மாவைத் தூவலாகாது. அம்மாவு எண்ணெயில் உதிர்ந்து கருகி, எண்ணெயை விரைவில் கெடுக்கும். பலகையில் ஒரு துளி எண்ணெய் தடவிக்கொண்டால் போதும். தேய்த்த பூரி உலர்ந்து வெடிக்காதபடி துணியால் மூடி வைக்க.

பொரிக்கும் முறை

எண்ணெய் 180 முதல் 190 பாகை செல்சியஸ் வரை காய்ந்திருக்க வேண்டும். வெப்பமானி இல்லாதோர் மாவில் ஒரு கிள்ளு எடுத்து எண்ணெயில் இடுக. அடியில் தங்கிவிட்டால் காயவில்லை என்று பொருள். உடனே மேலெழுந்து, கருகாமல் பொரிந்தால் அதுவே பதம். எண்ணெய் புகைந்தால் பதம் தவறிற்று, தீயைக் குறைக்க. செக்கெண்ணெய், சுத்திகரித்த எண்ணெயைக் காட்டிலும் விரைவில் புகையும் ஆதலால் அதனிடம் கூடுதல் கவனம் தேவை.

ஒரு நேரத்தில் ஒரு பூரியே இடுக. சட்டியின் ஓரமாக மெல்ல நழுவவிட்டு, ஜல்லிக்கரண்டியின் முதுகால் இலேசாக அழுத்தினால் பூரி உப்பும். உப்பியவுடன் திருப்பிப் போட்டு, பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடலாம். ஒரு நிமிடத்திற்குள் வேலை முடிந்துவிடும்.

பூரி உப்புவது எதனால்?

காய்ந்த எண்ணெயில் பட்டவுடன் பூரியின் மேற்புறம் இறுகித் தோலாகிறது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகிறது. கோதுமையிலுள்ள புரதம் நீரில் பிசையப்படும்போது இழுபடும் வலைபோல் அமைவதால், ஆவி வெளியேற வழியின்றி இரு தோல்களையும் பிரித்துப் பூரியை உப்பச் செய்கிறது. ஓட்டையோ வெடிப்போ இருந்தால் ஆவி அதன் வழியே போய்விடும்.

ஆவி வெளிநோக்கி வரும்வரை எண்ணெய் உள்ளே புகுவது கடினம். பெரும்பகுதி எண்ணெய், பூரியை வெளியே எடுத்தபின்னரே உட்புகுகிறது. பூரி ஆறும்போது உள்ளேயுள்ள ஆவி குளிர்ந்து சுருங்க, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உறிஞ்சப்படுகிறது. ஆகையால் பூரியை எடுத்தவுடன் சட்டியின் மேலேயே செங்குத்தாகப் பிடித்துச் சில விநாடிகள் வடியவிட வேண்டும். சிறிய செய்கையாயினும் எண்ணெய் மிச்சமாவது இதனாலேயாம். வடிப்பதற்கு அச்சடித்த செய்தித்தாளைப் பயன்படுத்தலாகாது; அச்சு மை உணவில் சேரும்.

பிழையும் திருத்தமும்

பூரி எண்ணெய் குடித்தால்: மாவு தளர்ந்திருக்கும், அல்லது எண்ணெய் காயாதிருக்கும். மாவில் சிறிது உலர் மாவு சேர்த்துப் பிசைக; எண்ணெய் காயும்வரை பொறுக்க.

ஒருபுறம் மட்டும் உப்பினால்: தேய்த்த கனம் சீராக இல்லை.

மேலே கருகி உள்ளே வேகாதிருந்தால்: எண்ணெய் மிகையாகக் காய்ந்துள்ளது.

அப்பளம் போல் விறைத்தால்: மிக மெல்லியதாகத் தேய்த்திருக்கலாம், அல்லது நெடுநேரம் பொரித்திருக்கலாம்.

மீந்த எண்ணெய்

மாவின் விலையைக் காட்டிலும் எண்ணெயின் விலை பல மடங்கு அதிகம் என்பதைக் கடலை விளைவிக்கும் நம் அங்கத்தினர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எனவே மீந்த எண்ணெயைக் கொட்ட மனம் வராது. ஆயினும் மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெய் உடலுக்குக் கேடு விளைவிக்கும். அத்தகைய எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தை மீறினால் அதனைப் பயன்படுத்தலாகாது என்னும் விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. வீட்டில் அதை அளக்கும் கருவி இல்லை. ஆகவே கண்ணும் மூக்குமே கருவிகள். எண்ணெய் கறுத்தல், பிசுபிசுத்தல், நுரைத்தல், விரைவில் புகைதல், காறல் நாற்றம் ஆகியவை கெட்டதன் அறிகுறிகள்.

ஆறிய எண்ணெயை வடிகட்டி, மூடிய பாத்திரத்தில் வெளிச்சம் படாமல் வைத்து, இரண்டொரு நாட்களில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுதல் நன்று. அதனோடு புதிய எண்ணெயைக் கலந்து மீண்டும் பொரிக்கலாகாது. எனவே தொடக்கத்திலேயே சிறிய சட்டியும் குறைந்த எண்ணெயும் கொள்வதே சிக்கனம்.

ஓர் எச்சரிக்கை: சட்டியில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, எரியும் எண்ணெய் சிதறி உயிருக்கே ஆபத்தாகும். அடுப்பை அணைத்து, பொருத்தமான மூடியால் சட்டியை மூடிவிடுக. குழந்தைகளைச் சட்டியருகே விடலாகாது.

செய்முறைப் பயிற்சி

நூலை நிறுத்து வாங்கித் துணியை நிறுத்துக் கொடுப்பது நெசவாளர் வழக்கம். அம்முறையையே அடுக்களையிலும் கைக்கொள்வோமாக. பொரிப்பதற்கு முன் எண்ணெயை நிறுத்துக் குறித்துக்கொள்க. பொரித்து ஆறியபின் மீண்டும் நிறுக்க. குறைந்த எடையைப் பூரிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பூரிக்குச் செலவான எண்ணெய் ஏறக்குறையத் தெரிந்துவிடும். அடுத்த வாரம் கெட்டி மாவுடன், ஒவ்வொன்றாகப் பொரித்து, நன்கு வடியவிட்டு, மறுபடியும் கணக்கிடுக. இரு கணக்குகளையும் படிப்பு வட்டத்தில் ஒப்பிட்டுப் பேசுக.

கேள்விகள்

1. பூரி மாவு சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக இருப்பது ஏன்?

2. பூரிக்குள் எண்ணெய் பெரும்பாலும் எப்பொழுது புகுகிறது?

3. பொரித்த எண்ணெய் கெட்டுவிட்டது என்பதை எவ்வாறு அறியலாம்?

பூரியோடு உண்ணும் கிழங்குக்கு வேண்டிய உருளைக்கிழங்கும் வெங்காயமும் நம் ஆனையூர் உழவர் சந்தையிலேயே கிடைக்கும். வாரத்தில் ஒரு நாள், அளவோடு சுட்டு, வீட்டார் அனைவரும் உடனிருந்து உண்போமாக. சட்டியில் எண்ணெய் மிஞ்சினால் வீட்டில் பணம் மிஞ்சும். உடலும் நலம் பெறும்.