கூரைமேல் ஒரு மன்றம்

வெயிலை மறைத்தலும் மழையைத் தடுத்தலும் கூரையின் தொழில் என்பதை யாவரும் அறிவர். அக்கூரையின் மேற்பரப்பு, மக்கள் ஒருங்கு கூடி மகிழும் மன்றமாகவும், கண்ணுக்கு விருந்தளிக்கும் கலைக்கூடமாகவும் விளங்குதல் கூடுமோ? கூடும் என்பதற்கு ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரிலுள்ள குவெல் பூங்கா சான்று பகர்கின்றது.

எவுசேபி குவெல் என்பார் அந்நகரத்துப் பெருஞ்செல்வர். அவர் மலைச்சரிவு ஒன்றில் செல்வர் வாழ்தற்குரிய குடியிருப்பு அமைக்க விரும்பினார். 1900ஆம் ஆண்டில் அப்பணி தொடங்கிற்று. அதனை ஏற்றவர் அந்தோனி கௌடி என்னும் கட்டடக்கலை வல்லுநர். குடியிருப்போர் பொருள் வாங்க அங்காடி வேண்டும். கூடியிருக்க வெளியிடம் வேண்டும். சரிவான அந்நிலத்திற்கு நீரும் வேண்டும். இம்மூன்று தேவைகளையும் கௌடி ஒரே கூரையால் நிறைவேற்ற எண்ணினார்.

அவர் 86 தூண்களை நிறுத்தி, அவற்றின்மேல் கூரை அமைத்தார். கீழே அங்காடிக்குரிய மண்டபம். மேலே அகன்ற வெளி. அவ்வெளியின் ஒரு பகுதி கூரையின்மேலும், எஞ்சிய பகுதி சமன்செய்த மலைநிலத்தின்மேலும் அமைந்துள்ளது. அங்குப் பெய்யும் மழைநீர் மணலில் வடிந்து, தூண்களின் உள்ளே செல்லும் குழாய்களின் வழியே இறங்கி, அடியிலுள்ள நீர்த்தொட்டியை அடையும். கூரையைத் தாங்கும் தூணே நீர் செல்லும் வழியுமாய் நிற்கும் திறத்தைக் கண்டு வியவாதார் யார்?

உயர்ந்த வெளியின் விளிம்பில், மக்கள் விழாதவாறு காக்கும் சுவர் இன்றியமையாதது. கௌடி அச்சுவரையே, பாம்பு போல வளைந்து செல்லும் நீண்ட இருக்கையாக்கினார். அதன் நீளம் ஏறத்தாழ 110 மீட்டர். உட்குழிந்த வளைவுகளில் நண்பர் பலர் ஒருவரையொருவர் நோக்கி அமர்ந்து உரையாடலாம்.

இருக்கையின் வடிவம் கௌடியினது. அதன் வண்ணக் கோலத்திற் பெரும்பங்கு ஜூசெப் மரியா ஜூஜோல் என்பாரது. இவர் கௌடியினும் 27 ஆண்டு இளையவர். தாமும் கட்டடக்கலை பயின்றவர். வண்ணங்களைக் கையாள்வதில் வல்லவர். முழு ஓடுகள் தட்டையானவை. வளைந்த பரப்பிற் பொருந்தா. ஆதலின், உடைந்த ஓடுகளையும் பீங்கான் துண்டுகளையும் இணைத்துப் பதித்தனர். பயனற்றவை என்று ஒதுக்கப்பட்ட துண்டுகள், பூவும் விண்மீனுமாய்ப் பொலிவு பெற்றன. கீழ்மண்டபத்திலும் சில தூண்களை நீக்கி வெளியிடம் உண்டாக்கினார் கௌடி. அவ்விடங்களின் மேல்தளத்தில் வண்ண வட்டங்களை அமைத்தார் ஜூஜோல். முதியவர் தம் படைப்பில் இளையவர்க்கு இடமளித்தார். இளையவர் அவ்விடத்திற்கு இயையத் தம் கலையை அமைத்தார். எனவே, கட்டடம் வேறு, அணி வேறு எனப் பிரிக்கவியலாத ஒருமைப்பாடு அங்கு உண்டாயிற்று.

ஆயினும், குவெல் கருதிய குடியிருப்பு கைகூடவில்லை. ஏறத்தாழ 60 மனைகள் வகுக்கப்பட்டன. அவற்றில் எழுந்த வீடுகளோ இரண்டே. 1914இல் பணி நின்றது. 1918இல் குவெல் மறைந்தார். பின்னர் நகராட்சி அவ்விடத்தை விலைக்கு வாங்கி, 1926இல் பொதுப்பூங்காவாகத் திறந்தது. கௌடி மறைந்ததும் அவ்வாண்டிலேயே. 1984இல் யுனெஸ்கோ நிறுவனம் அப்பூங்காவை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

மாணவர்களே, இதனைச் சற்றே சிந்தியுங்கள். தனித்தனியே விற்பதற்கு வகுத்த மனைகள் விலைபோகவில்லை. எல்லாரும் கூடியமர அமைத்த இருக்கையோ புகழுடன் நிலைத்தது. ஒருவர்க்கென எண்ணியது ஒழியினும், பலர்க்கெனப் பலர் கூடிச் செய்தது ஒழியாது என்னும் உண்மையை அக்கூரை உலகிற்கு உணர்த்துகின்றது.