மேல் வாய்க்காலும் கீழ் வாய்க்காலும்: ஒருவரிடம் ஒருவர் படிப்போம்



"நமக்கென்னங்க தெரியும்? தொரைமார், ஐயாமார் சொன்னா செய்வோம்." கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. எந்த மலையில் கொழுந்து சீக்கிரம் முற்றும், மழைக்கு எந்தப் பாதை வழுக்கும், கவ்வாத்துக் கத்தியை எப்படிப் பிடித்தால் கை வலிக்காது என்பதெல்லாம் தெரிந்தவர்கள்தான் இப்படிச் சொல்கிறார்கள். படிப்பு மேலேயிருந்துதான் கீழே வரவேண்டுமா? இம்முறைப் பாடத்தில் இதைப் பற்றிச் சிந்திப்போம். இதற்கு நல்ல உதாரணம் நமது நாட்டிலேயே, அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறது.

கடலும் வயலும்

கிழக்குக் கரையோரம் ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையில் பாலமுனை என்ற ஊர் உண்டு. தமிழ் பேசும் முஸ்லிம் மக்களின் ஊர். முன்னால் கடல், பின்னால் வயல். அந்தப் பக்கத்து ஊர்களில் நெல்லுச் செய்வதை 'வேளாண்மை' என்றே சொல்வார்கள். அந்த மாவட்டத்தின் பெரிய நீர்த்திட்டம் கல்லோயா. அந்த ஆற்றுக்குத் தமிழில் பட்டிப்பளை ஆறு என்று பெயர். 1949இல் வேலை தொடங்கி, இங்கினியாகலையில் அணை கட்டினார்கள். சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெருங்குளம் அப்படி உண்டானதுதான்.

முப்பது வருடம் போனது. வாய்க்கால்கள் தூர்ந்தன, மதகுகள் உடைந்தன. குளத்துக்குக் கிட்ட இருந்தவர்களின் வயலில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. கடைசியில் இருந்தவர்களின் வயல் சிறுபோகத்தில் வெடித்துக் கிடந்தது. இடதுகரை வாய்க்காலின் தலைப்பகுதியில் சிங்கள விவசாயிகள், கடைப்பகுதியில் தமிழ் விவசாயிகள். தண்ணீர்ச் சண்டை இனச் சண்டையாக மாறக்கூடிய நிலைமை.

1981இல் நடந்தது

அந்த வருடம் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளைஞர்கள் சிலரை அங்கே அனுப்பின. அவர்களுக்கு அமைப்பாளர்கள் என்று பெயர். அவர்கள் கிராமத்திலேயே தங்கினார்கள். மேடை போட்டுப் பேசவில்லை. வீடு வீடாகப் போய், "உங்கட வாய்க்காலில் என்ன பிரச்சினை? நீங்களே என்ன செய்யலாம்?" என்று கேட்டார்கள்.

ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் 10, 20 பேர் ஒன்றாக உட்கார்ந்தார்கள். முதலில் சங்கம், தலைவர், செயலாளர் என்று எதுவும் இல்லை. முதலில் வேலை: மண்வெட்டி எடுத்து வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள். பிறகு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். தமக்குப் போதும் என்றதும் மதகை மூடி, மீதியைக் கீழே விட்டார்கள். அதற்குப் பிறகுதான் எல்லோரும் சம்மதித்த ஒருவரைப் பிரதிநிதியாக எடுத்தார்கள். அவருக்குச் சம்பளம் இல்லை.

மேல் வயல்காரர் கீழ் வயலைப் போய்ப் பார்த்தபோதுதான் அவருக்கு ஒரு விஷயம் விளங்கியது. தன் வயலில் வீணாக வழிந்த தண்ணீர் இன்னொருவரின் சாப்பாடு. எந்த அதிகாரியின் கடிதமும் இதைப் படிப்பித்திருக்காது.

இன்ஜினியர்மாரும் படித்தார்கள். வாய்க்காலைத் திருத்தும்போது விவசாயிகளோடு கரையில் நடந்து, எங்கே மண் சரிகிறது, எங்கே தண்ணீர் ஏறாது என்று கேட்டார்கள். மட்டம் பார்க்கும் கருவி இன்ஜினியரிடம் இருந்தது. வருடக் கணக்கில் தண்ணீரைப் பார்த்த கண் விவசாயியிடம் இருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை சரிவரும். இந்த வேலையில் ஈடுபட்ட பேராசிரியர் நோர்மன் அப்ஹோஃப் 1992இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். 'கல்லோயாவிடமிருந்து கற்றல்' என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். படிப்பிக்க வந்தவர் தான் படித்ததைத்தான் எழுதினார்!

ஆள் போனாலும் அறிவு நின்றது

அமைப்பாளர்களுக்கு நிரந்தர வேலை கொடுக்கவில்லை. பலர் விட்டுப் போனார்கள். ஆனால் குழுக்கள் நின்றன. 1988இல் பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களை விவசாயிகளோடு சேர்ந்து நடத்துவது அரசாங்கத்தின் கொள்கையாகவே ஆனது. 1997 சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் மிகக் குறைந்தது. எல்லோருக்கும் போதாது என்று அதிகாரிகள் கணக்குச் சொன்னார்கள். விவசாயிகளோ இருந்ததைப் பங்கிட்டு வேளாண்மை செய்தார்கள். விளைச்சலும் நன்றாக வந்தது. அதுவும் நாட்டில் யுத்தம் நடந்த காலம். சிங்களவரும் தமிழரும் ஒரே தண்ணீரைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நமது லயத்தில்

இப்போது நமது பீலியைப் பாருங்கள். மேல் லயத்தில் குழாய் திறந்தபடி ஓடும். கீழ் லயத்து அக்கா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, வெறும் வாளியோடு நிற்பார். பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் மருந்துக்கு ஓடுகிறோம், தண்ணீர் முறைக்கு உட்காருவதில்லை. தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் வந்து தீர்க்கட்டும் என்று காத்திருக்கிறோம். குழாய் மாற்றுவது, தாங்கி கட்டுவது நிர்வாகத்தின் கடமை. அதை நாம் விடாமல் கேட்க வேண்டும். ஆனால் யார் எப்போது பிடிப்பது என்பதை நாமே பேசி முடிக்கலாம்.

இம்மாதம் இப்படிச் செய்து பார்ப்போம்:

1. ஒரே பீலியில் தண்ணீர் எடுக்கும் வீடுகளிலிருந்து வீட்டுக்கு ஒருவர் கூடுங்கள். தண்ணீர் தூக்கும் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.

2. தலைவர் நாற்காலி வேண்டாம், வட்டமாக உட்காருங்கள். முதலில் கீழ் லயத்தார் பேசட்டும், மற்றவர்கள் கேட்கட்டும்.

3. எல்லோரும் பீலி தொடங்கும் இடத்திலிருந்து கடைசிக் குழாய் வரை நடந்து பாருங்கள். எங்கே ஒழுகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

4. நீங்களே செய்யக்கூடிய ஒரு வேலையை அந்த வாரமே செய்யுங்கள். நிர்வாகம் செய்ய வேண்டியதை எல்லோரும் கையெழுத்திட்டு எழுதிக் கொடுங்கள்.

பேசிப் பார்க்க

உங்கள் மலையில் புதிதாக வந்த பிள்ளைக்குக் கொழுந்து எடுக்கச் சொல்லிக் கொடுத்தது யார்? கங்காணியா, பக்கத்து நிரையில் நின்ற அக்காவா? அந்த அக்காவுக்குத் தெரிந்த வேறு எதை நாம் இன்னும் கேட்கவில்லை?

பதில் கிடைத்தால் அதுதான் உங்கள் குழுவின் அடுத்த பாடம்.