பந்தி போனாலும் விசாரிப்பு போகக்கூடாது

அன்புள்ள கண்ணா,

முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மயிலாப்பூரில் ரிசப்ஷன், 800 பேர், இலை கிடையாது, முழுக்கப் பஃபே, வாசலில் பார்பெக்யூ என்று உங்கப்பா போனில் சொன்னான். குரலிலேயே அவனுக்கு மனசில்லை என்று தெரிந்தது. எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கேட்டரிங்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடு.

பஃபே என்றால் பரிமாற ஆள் வேண்டாம், வேலை மிச்சம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வேலை எங்கேயும் போகவில்லை. பரிமாறுகிறவர் தலையிலிருந்து சாப்பிட வந்தவர் தலைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் பர்ஸும் போனும், இடுப்பில் குழந்தை, தோளில் சரியும் பட்டுப்புடவைத் தலைப்பு என்று ஒரு பெண் நிற்பதைப் பார்த்திருப்பாய். அவள் தட்டில் ரசம் ஓடி குலாப் ஜாமூனைத் தொட்டுக்கொண்டிருக்கும். அவளுக்குக் கிண்ணம் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டாமா?

முதலில் வரிசைக் கணக்கைப் போடு. ஒருத்தர் தட்டை நிரப்பி நகர அரை நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு வரிசையில் மணிக்கு 120 பேர்தான். ரிசப்ஷன் கூட்டம் ஏழரைக்கு மேல் சேர்ந்து வந்து ஒன்பதரைக்குள் கிளம்பிவிடும். இரண்டு மணி நேரத்தில் 800 பேர் சாப்பிட நாலு வரிசையாவது வேண்டும். நீ பேசியிருப்பது இரண்டு. மேடையில் உங்களுக்குக் கை கொடுக்க ஒரு வரிசை நின்றவர்கள், கீழே சாப்பாட்டுக்கு இன்னொரு வரிசை நிற்கப் போகிறார்கள். தோசை கவுன்ட்டர் கணக்கு இதைவிட மோசம். பெரிய கல்லில் நாலு தோசை ஒன்றாக வார்த்தாலும் மூன்று நிமிஷம் ஆகும், மணிக்கு எண்பது. லைவ் கவுன்ட்டர் பார்க்க அழகுதான். ஒரே கல்லை வைத்துக்கொண்டு 800 பேருக்குத் தோசை என்று சொல்லாதே, வருகிறவர்கள் முகத்தில் கோபம் தெரியும்.

பார்பெக்யூவிலும் அதே கதை. பன்னீர், அன்னாசி, பேபி கார்ன் எல்லாம் கம்பியில் குத்தித் தணலில் திருப்பி எடுக்க நேரம் பிடிக்கும். பாதி வேக்காட்டை முன்பே முடித்துவிட்டு, கடைசிப் புகையை மட்டும் அங்கே காட்டச் சொல். கரி அடுப்பு எக்காரணம் கொண்டும் ஹாலுக்குள் வரக்கூடாது. ஏசிக்காக ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும். கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வெளியே வைத்தாலும் பந்தல் துணிக்கும் சீரியல் லைட்டுக்கும் எட்டத்தில் வை. மயிலாப்பூரில் சாயங்காலம் பெரும்பாலும் கடல் பக்கமிருந்துதான் காற்று வரும். ஹாலுக்கு மேற்கே அடுப்பைப் போட்டால் புகை உள்ளே வராது.

பாத்திரத்தைத் திறந்து பார்க்கவும் ஒருத்தர் வேண்டும். பளபளவென்று மூடியிருக்கும் பஃபே பாத்திரத்தின் அடியில் இருக்கும் சிறு தீ அணைந்தது தெரியாமலே மணிக்கணக்கில் பரிமாறுவார்கள். சூடான பதார்த்தம் 60 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. சாதத்தில் ஒருவகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாமல் இருக்கும். வெதுவெதுப்பில் கிடந்தால் பெருகி, வாந்தியில் கொண்டுபோய் விடும். அதனால் புலாவை ஒரேயடியாகக் கொட்டாமல் சின்னச் சின்னப் பாத்திரமாக மாற்றச் சொல். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவர் நமக்கு வேண்டாம். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டு, கப் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பாக்குமட்டைத் தட்டோ கழுவும் தட்டோ பேசு. தட்டுக் கணக்குதான் பில் ஆகும் என்பதால், தட்டு எடுத்துக் கொடுக்குமிடத்தில் நம் வீட்டு ஆள் ஒருத்தர் நிற்கட்டும்.

கூட்டம் என்றால் எனக்கு எம்.ஆர்.சி. நகர் ஞாபகம் வருகிறது. 1995 செப்டம்பர் 7ஆம் தேதி ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் கல்யாண விருந்து, ஒன்றரை லட்சம் பேர் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. பந்தலுக்கும் விருந்துக்கும் ஆன செலவைப் பிற்பாடு கோர்ட்டே கேட்டது. எத்தனை பேர் வந்தார்கள் என்பது புத்தகத்தில் இருக்கிறது. சாப்பாடு எப்படி இருந்தது என்று எந்தப் புத்தகமும் எழுதவில்லை. நம் 800 பேரில் எண்பது பேராவது அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

அதனால்தான் பந்தி விசாரிப்பைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் பெண்ணைப் பெற்றவர் இலை இலையாகக் குனிந்து, "பாயசம் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லவா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி பஃபேயில் காணாமல் போய்விடுகிறது. தட்டோடு யாரும் மூலையில் தனியாக நிற்கிறாரா என்று பார்க்க, மேடையில் போட்டோவுக்கு நிற்காத நாலு பேரை இப்போதே குறித்து வை. தடி ஊன்றுகிறவர்களுக்கும் எழுபது தாண்டியவர்களுக்கும் ஒரு பக்கம் மேசை போட்டு, 60 இலை. கோயம்பேட்டில் இலை வாங்கிக்கொள்ளலாம். இலைக்குப் பரிமாற ஆள் தனியாகக் கேள். கேட்டரிங்காரர் "அதெல்லாம் பஃபேயில் வராது சார்" என்பார். வரும். பத்துப் பேர் பேசினால் வரும்.

மிச்சத்தையும் இப்போதே பேசு. கோவையில் 2014இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் அமைப்பு சென்னையிலும் மண்டபங்களில் மிஞ்சுவதை எடுத்துப் போகிறது. எச்சில் படாத பாத்திரமாக, சூடு ஆறுவதற்குள் கொடுக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் நினைவு வந்து போன் போட்டால் யார் வருவார்கள்?

கேட்டரிங்காரரைப் பார்க்க என்றைக்குப் போகிறாய்? என்னையும் கூட்டிக்கொண்டு போ. வரிசைக் கணக்கை நான் பேசுகிறேன். உங்கப்பாவை மட்டும் கூட்டிவராதே, அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவான்.

அன்புடன்,
அத்தை