பேர் வெட்டிய பாத்திரங்கள்

“எனக்கு அந்த வீட்ல இருந்து ஒரு ஸ்பூன்கூட வேணாம். என்னை விட்டாப் போதும்.”

2016இல் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு, அழுதுகொண்டே வாட்ஸ்அப்பில் கணவருக்கு நான் தட்டிய வரி. இரண்டு வருஷம் கழித்து சமரசப் பேச்சில் அதை பிரிண்ட் எடுத்து, மஞ்சள் மார்க்கர் போட்டு என் முன்னால் வைத்தார்கள். “நீங்களே வேணாம்னு சொல்லிட்டீங்களேம்மா” என்றார் அவர்கள் வக்கீல். அந்த வீட்டில் கிடந்தது ஸ்பூன் இல்லை. 22 பவுன் நகை, பீரோ, என் தையல் மெஷின், அம்மாச்சியின் பித்தளைத் தவலை.

ஆத்திரத்தில் சொன்னது வேறு, உரிமையை எழுதிக் கொடுத்தது வேறு. அன்றைக்கு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெண்ணுக்குப் போட்ட நகையும் சீரும் அவளுக்கே சொந்தம், புகுந்த வீட்டார் அதைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் மட்டுமே என்று பிரதிபா ராணி வழக்கில் 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தர மறுத்தால் நம்பிக்கை மோசடி வழக்கே போடலாம். கோர்ட் மூலம் பிரிந்து வாழ்ந்தாலும் அந்த உரிமை போகாது என்று 2015இல் இன்னொரு தீர்ப்பும் வந்தது. இதில் ஒன்றாவது தெரிந்திருந்தால் அந்தத் தாளைப் பார்த்துக் குனிந்திருக்க மாட்டேன்.

அந்த வாட்ஸ்அப் வரிக்குக் கணவர் அனுப்பிய பதில் இது: “எல்லாம் பத்திரமா இருக்கு. எப்ப வேணா வந்து எடுத்துக்கோ.” நல்ல மனசு என்று நம்பி சும்மா இருந்துவிட்டேன். எல்லாம் என்றால் எவையெவை? பத்திரம் என்றால் யார் பூட்டில்? எப்ப வேணா என்றால் எந்தத் தேதி? அந்த வரியில் ஒன்றுக்கும் பதில் இல்லை. இப்படி ஒரு வரி உங்களுக்கு வந்தால் அன்றைக்கே எழுதுங்கள்: “ஞாயிறு காலை பத்து மணிக்கு அண்ணனோடு வருகிறேன். எடுக்க வேண்டிய 16 சாமான் கீழே.” பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்டதற்குத் தேதி இருக்கும்.

நோட்டீஸ், நகைக்கடை பில், ஜெராக்ஸ் எல்லாம் வக்கீல் சொல்வார். பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவில் மட்டும் கண்ணை வையுங்கள். “பொருட்கள் அனைத்தும் பெற்றுக்கொள்ளப்பட்டன” என்று என் மனுவில் ஒரு வரி இருந்தது. சாமான் வண்டியில் ஏறாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். “ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு நிம்மதியா இரு” என்ற சித்தப்பா இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பேசாமலே இருக்கட்டும். அந்த நகையில் அவர் போட்டது குந்துமணி கிடையாது.

சாமான் எடுக்கப் போன அன்று, “பாத்திரமெல்லாம் நாங்க வாங்கினது” என்றார் மாமியார். அண்ணன் ஒரு தூக்குச்சட்டியை எடுத்து விளிம்பைக் காட்டினான். புள்ளி புள்ளியாக என் இனிஷியல், என் பேர், 2009. அம்மா ஒவ்வொன்றிலும் கடையிலேயே பேர் வெட்டி வாங்கியிருந்தார். அதற்குமேல் மாமியார் வாய் திறக்கவில்லை.

நகையில் பில் இருந்த 14 பவுன் வந்தது. மீதி 8 பவுன் பழைய நகையை அழித்துச் செய்தது, பில் கிடையாது. அதைக் கேட்டபோதெல்லாம் அந்த மஞ்சள் தாளைத்தான் நீட்டினார்கள். அந்த ஒரு வரிக்கு நான் கொடுத்த விலை எட்டுப் பவுன். தையல் மெஷினை அதற்குள் விற்றிருந்தார்கள்.

தவலையில் பேர் இல்லை. வாய்ப்பக்கம் ஒரு நசுங்கல் உண்டு, சின்ன வயசில் நான் கிணற்றடியில் போட்டது. கல்யாண ஆல்பத்தில் சீர்வரிசைப் படத்தை விரித்து அந்த நசுங்கலைக் காட்டினேன். அண்ணன் தவலையைத் தூக்கி வண்டியில் வைத்தான்.