பதிகத்துக்கு ஒரு பக்கம்: மாறாத பக்கங்களை மாறும் தளத்துக்குள் வைக்கும் முறை

புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் இயங்கிவரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், அதே ஊரில் மையம் வைத்திருக்கும் பிரெஞ்சு தூரக்கிழக்கு ஆய்வுப் பள்ளியும் சேர்ந்து 2007இல் 'கணினித் தேவாரம்' என்ற குறுந்தகட்டை வெளியிட்டன. தேவாரம் பாடிய மூவரின் பாடல்களும் வி.எம். சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதில் இருந்தன. ழான்-லுக் ஷெவியாரும் எஸ்.ஏ.எஸ். சர்மாவும் அதை உருவாக்கினார்கள். பதிகத்துக்கு ஒரு பக்கம் என்ற எளிய அமைப்பில், குறுந்தகட்டில் இருந்தது பிறகு இணையத்துக்கும் வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் ஒருவர் இப்பாடல்களை டேட்டாபேஸுக்குள் போட்டு, பிஎச்பி 5இலோ பைத்தான் 2இலோ ஒரு செயலி எழுதி, அதன் வழியாக மட்டுமே காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிஎச்பி 5க்கான ஆதரவு 2018 முடிவோடும், பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடும் முடிந்துவிட்டன. செயலியைத் திருப்பி எழுத ஆளும் பணமும் கிடைக்காத தளங்கள் அந்த இடத்தில்தான் இருண்டுபோயின. 2007இல் எழுதிய வெறும் எச்டிஎம்எல் பக்கமோ இன்றைய பிரவுசரில் அப்படியே திறக்கிறது.

தேவாரம் போன்ற ஒரு தொகுப்பைத் தளத்தில் ஏற்றும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். ஏறக்குறைய 800 பதிகங்கள், 8,000க்கு மேற்பட்ட பாடல்கள். பல நூற்றாண்டுகளாக நிலைத்த உரை. அதைச் சுற்றி நாம் கட்டும் தேடல், உறுப்பினர் கணக்கு, பிழை சுட்டும் படிவம் ஆகியவைதான் மாறுபவை. மாறாததை ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸிலிருந்து தேடியெடுத்துக் கோத்துக் காட்டுவது வீண் வேலை. அதைவிட, அது ஆபத்தும்கூட. உரையின் ஆயுள் செயலியின் ஆயுளோடு கட்டப்பட்டுவிடுகிறது. ஆகவே தளம் ஒன்றாகவே இருக்கட்டும். அதற்குள் பதிகங்கள் தனித்தனிக் கோப்புகளாக, செயலியை எழுப்பாமலே வாசகரை அடையட்டும்.

முதல் வேலை கணினியில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. தளத்தில் வரப்போகும் ஒவ்வொன்றையும் எழுதி, 'இதைப் பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்து இது மாறுமா?' என்று கேட்க வேண்டும். பதிகம், குறிப்புரை, தலவரலாறு, தல வரைபடம் எதுவும் மாறாது. தேடல் விடை மாறும். வாசகர் குறித்துவைத்த பாடல்களின் பட்டியல் மாறும். பலரும் தடுமாறுவது பட்டியல்களில்தான். தேவாரத்தைப் பண்முறையாகவும் அடுக்கலாம், தலமுறையாகவும் அடுக்கலாம். இரண்டுக்கும் மரபில் இடம் உண்டு. பாடியவர் வரிசை, முதற்குறிப்பு அகரவரிசை ஆகியவையும் தேவைப்படும். 'இத்தனை வரிசைகள் என்றால் டேட்டாபேஸ் வேண்டுமே' என்று தோன்றும். வேண்டியதில்லை. பதிகம் ஒரே இடத்தில் இருக்க, நான்கு வரிசைகளும் அதைச் சுட்டும் நான்கு பட்டியல் பக்கங்களாக முன்கூட்டியே தயாராகிவிடும். யார் வந்து பார்த்தாலும் பண்முறைப் பட்டியல் ஒன்றுதானே.

அடுத்தது முகவரி. இதில் அவசரப்பட்டால் பின்னால் திருத்துவது மிகக் கடினம், ஏனென்றால் முகவரி நம் கையை விட்டு ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளுக்கும் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போய்விடும். நல்லவேளையாகத் தேவாரத்துக்கு உறுதியான எண்முறை ஏற்கெனவே இருக்கிறது. புதுச்சேரிப் பகுதியிலேயே உள்ள திருவாண்டார்கோயில், அதாவது திருவடுகூர், சம்பந்தர் பாடிய தலம். அப்பதிகம் முதல் திருமுறையில் 87ஆவது. தேவாரக் கோப்புறைக்குள் 1, அதற்குள் 087 என்று முகவரி அமைத்தால் போதும். கோப்பின் வகையைக் காட்டும் பின்னொட்டும், எந்த மென்பொருளில் செய்தோம் என்ற அடையாளமும் முகவரியில் வரக் கூடாது, அவை மாறக்கூடியவை. மதுரைத் திட்டம் இதற்குச் சரியான சான்று. கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து 1998 பொங்கலன்று தொடங்கிய அத்திட்டத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண்; முதல் எண் திருக்குறளுக்கு. எழுத்துக் குறியாக்கம் பின்னர் டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறியது. எண் மாறவில்லை.

முகவரியைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாமே என்ற விருப்பம் நியாயமானது. ஆனால் கோப்புப் பெயர் என்ற அளவில் அதில் இரண்டு இடர்கள் உண்டு. யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முகவரியைப் பிரதியெடுத்து ஒட்டும்போது அது சதவீதக் குறிகளாக விரிந்தால் 'தேவாரம்' என்ற ஒரு சொல் மட்டும் 63 எழுத்துகளை அடைத்துக்கொள்ளும். இரண்டாவது இன்னும் நுட்பமானது. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. ஒரு கணினியில் சரியாக இருந்த கோப்பு, சர்வருக்குப் போனதும் 'கிடைக்கவில்லை' என்று வருவதற்கு இது போதும். ஆகவே முகவரிக்கு எண், தலைப்புக்கும் பட்டியலுக்கும் தமிழ். மூல உரை முழுவதையும் ஒரே யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். இல்லையென்றால் இதே சிக்கல் தேடலில் வந்து நிற்கும்.

இனி பக்கங்களை உருவாக்கும் வேலை. எச்டிஎம்எல் கோப்புகளைக் கையால் எழுதவோ திருத்தவோ கூடாது. பதிகத்துக்கு ஒரு எளிய உரைக் கோப்பு: மேலே திருமுறை, எண், தலம், பண், பாடியவர் என்ற விவரங்கள்; கீழே பாடல்கள். அதுதான் மூலம். எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான டெம்ப்ளேட் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பக்கங்களை உருவாக்க ஹ்யூகோ போன்ற கருவி போதும். செயலி ஜாங்கோவில் இருந்தால் அதே டெம்ப்ளேட்டைப் பயன்படுத்தும் சிறு நிரல் போதும். பின்னது எனக்கு உகந்ததாகப் படுகிறது: தேடல் பக்கமும் பதிகப் பக்கமும் ஒரே தலைப்பட்டையோடு வரும், வாசகருக்கு எது கோப்பு, எது செயலி என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். 'மெனுவில் ஒரு சொல்லை மாற்றினால் 800 பக்கத்தையும் திருத்த வேண்டுமே' என்பது வழக்கமாக எழும் மறுப்பு. டெம்ப்ளேட்டில் ஒரு சொல்லை மாற்றி நிரலை மறுபடி ஓட்டினால் 800 பக்கமும் சில நொடிகளில் புதிதாகிவிடும். இடத்துக்கும் கவலை இல்லை: பக்கத்துக்கு 40 கிலோபைட் என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 32 மெகாபைட்தான்.

பக்கத்தின் மூலையில் உள்நுழைந்தவர் பெயர் தெரிய வேண்டும் என்பார்கள். அந்தச் சிறு பகுதியை மட்டும், பக்கம் வந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் செயலியிடம் கேட்டு நிரப்பட்டும். செயலி பதில் சொல்லாவிட்டால் மூலை வெறுமையாக இருக்கும், பாடல் முழுதாக இருக்கும். பாடலையே ஜாவாஸ்கிரிப்டால் வரவழைப்பது இந்த ஏற்பாட்டின் பயனை முற்றிலும் கெடுத்துவிடும்.

சர்வரில் செய்ய வேண்டியது குறைவு. என்ஜின்எக்ஸ் வைத்திருந்தால், தேவார முகவரிகளுக்கென்று தனிப் பகுதி எழுதி, 'டிரை_ஃபைல்ஸ்' கட்டளையால் கோப்புறையில் தேடச் சொல்ல வேண்டும். கோப்பு இல்லையென்றால் அங்கேயே 404 என்று முடியட்டும், செயலியிடம் தள்ளிவிடக் கூடாது. இல்லாத முகவரிகளைத் தட்டிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் ஏராளம்; அவற்றுக்கெல்லாம் செயலி எழுந்து பதில் சொல்லத் தேவையில்லை. மற்ற எல்லா முகவரியும் வழக்கம்போல் செயலிக்கு. சிறு அமைப்புகள் பலவும் வாடகை சர்வரில் வேர்ட்பிரஸ் வைத்திருப்பவை, அமைப்புக் கோப்பைத் தொடும் வசதி இல்லாதவை. அவர்களுக்கு வேலை இன்னும் எளிது. அப்பாச்சி சர்வரில் வேர்ட்பிரஸும் லாராவெல்லும் இடும் இயல்பான விதியே, 'இந்தப் பெயரில் கோப்போ கோப்புறையோ இல்லையென்றால் மட்டும் செயலிக்கு அனுப்பு' என்பதுதான். பொதுக் கோப்புறைக்குள் தேவாரக் கோப்புறையை அப்படியே வைத்தால் அது நேராகப் போய்ச் சேரும்.

செயலி வழியாகத்தான் கொடுத்தாக வேண்டும் என்ற நிலை சிலருக்கு வரலாம். அப்போது ஒன்றில் மிகுந்த கவனம் வேண்டும்: முகவரியில் வந்த சொல்லை அப்படியே கோப்புப் பெயராக்கித் திறக்கக் கூடாது. இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்த்து மேல் கோப்புறைக்கு ஏறி, கடவுச்சொல் உள்ள கோப்பைப் படிக்க முயல்பவர்கள் உண்டு. திருமுறையும் பதிக எண்ணும் வெறும் இலக்கங்கள்தானா, நம் பட்டியலில் உள்ளவைதானா என்று பார்த்த பிறகே திறக்க வேண்டும். ஜாங்கோவின் 'ஃப்ளாட்பேஜஸ்' போன்ற வசதி பத்துப் பதினைந்து அறிவிப்புப் பக்கங்களுக்குப் பொருந்தும். அது உரையை டேட்டாபேஸில்தான் வைக்கிறது என்பதால் இங்கே நம் நோக்கத்துக்கு உதவாது.

'எதற்கு இவ்வளவு? டேட்டாபேஸிலேயே வைத்துவிட்டு முன்னால் ஒரு கேஷ் போட்டால் வேகம் வந்துவிடுமே' என்பது வலுவான மறுப்பு. வேகம் மட்டுமே கேள்வி என்றால் அது சரிதான். ஆனால் கேஷ் காலாவதியாகும்; காலாவதியான நொடியில் செயலி உயிரோடு இருக்க வேண்டும். புதுச்சேரிக்கு இது ஏட்டுக் கவலை இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையில்தான் கடந்தன. ஊரில் உள்ள ஒரு கணினியை நம்பிய சேவை அந்த நாட்களில் நின்றுபோகும். கோப்புறையாக இருக்கும் தொகுப்பை ஆர்சிங்க் கட்டளையால் வேறோர் ஊரின் சர்வருக்கு அன்றாடம் நகலெடுக்கலாம், பென் டிரைவில் போட்டு நூலகத்துக்குக் கொடுக்கலாம், நகல் திறக்க எந்தச் செயலியும் வேண்டாம். கேஷை அப்படிக் கொடுக்க முடியாது. நிலைப்பக்கம் என்பதாலேயே எதுவும் பிழைத்துவிடாது என்பதும் உண்மை: 2009இல் யாஹூ ஜியோசிட்டிஸை மூடியபோது எண்ணற்ற நிலைப்பக்கங்கள் அங்கிருந்து மறைந்தன. தப்பியவை யாரோ நகலெடுத்து வைத்திருந்தவை. நகலெடுப்பதை எளிதாக்குகிறது என்பதே இந்த முறையின் பெரிய பலம்; நகலை எடுப்பது நம் பொறுப்பு.

தேடலைச் செயலியிடமே விட வேண்டும். தேவாரத்தில் சொற்கள் புணர்ச்சியில் உருமாறிச் சேர்ந்து நிற்கின்றன; வாசகர் தட்டும் வடிவமும் பாட்டில் நிற்கும் வடிவமும் ஒன்றாக இருக்காது. சந்தி பிரித்த வடிவத்தையும் சேர்த்துத் தேட நிரலும் இண்டெக்ஸும் தேவை. அந்த இண்டெக்ஸை அதே மூலக் கோப்புகளிலிருந்து, பக்கங்களை உருவாக்கும் அதே ஓட்டத்தில் உருவாக்க வேண்டும். தனியே செய்தால் நாளடைவில் தேடல் ஒன்று சொல்லும், பக்கம் வேறு சொல்லும். பிழை சுட்டுவதும் இப்படித்தான். வாசகர் படிவத்தில் எழுதுவது செயலிக்குப் போகும். பதிப்பாசிரியர் ஏற்றால் மூலக் கோப்பில் திருத்தம் நடக்கும். அந்தக் கோப்புகள் 'கிட்' என்ற பதிப்புக் கண்காணிப்புக் கருவியில் இருந்தால் எந்தப் பாடபேதத்தை யார், எப்போது, எந்த ஆதாரத்தில் ஏற்றார்கள் என்பது பதிவாகி நிற்கும். பதிப்புப் பணிக்கு இது டேட்டாபேஸ் தரும் எந்த வசதியையும்விடப் பெரிது.

புதுச்சேரியில் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் பக்கம் கேட்பார்கள். மொழிக்கு ஒரு முகவரி கொடுங்கள்; மூன்றும் ஒன்றையொன்று சுட்டட்டும். பிரவுசரின் மொழியைப் பார்த்து ஒரே முகவரியில் வேறு வேறு உரை தருவது வேண்டாம், மேற்கோள் காட்டுபவர் எதைப் பார்த்தார் என்பதே தெரியாமல் போகும்.

வெளியிடும் நாளில், ஓடிக்கொண்டிருக்கும் கோப்புறையின் மேலேயே எழுதக் கூடாது. புதிய கோப்புறையில் முழுவதையும் உருவாக்கி, பக்க எண்ணிக்கை எதிர்பார்த்ததா, இணைப்புகள் அறுந்திருக்கின்றனவா என்று நிரலால் சோதித்து, சரியாக இருந்தால் மட்டும் சர்வர் பார்க்கும் கோப்புறையைச் சுட்டும் குறியிணைப்பைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். ஒரு பக்கம் குறைந்தாலும் மாற்றம் நிற்கட்டும். பழைய கோப்புறை சில வாரங்கள் இருக்கட்டும். உரை மாறாத கோப்புக்குப் புதிய கோப்புறையிலும் பழைய தேதியையே வைப்பதும் முக்கியம்: என்ஜின்எக்ஸ் கோப்பின் தேதியையும் அளவையும் வைத்தே 'மாறியதா' என்று முடிவு செய்கிறது, தேதி மாறினால் வாசகரின் பிரவுசர் எல்லாவற்றையும் மீண்டும் இறக்கும். பக்கங்களுக்கு 'ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்' என்ற தலைக்குறிப்பும், எழுத்துருவுக்கும் ஸ்டைல் கோப்புக்கும் பெயரில் பதிப்பு அடையாளம் சேர்த்து ஓராண்டு கேஷும் கொடுக்கலாம். ஒரே பைட்டுகள் திரும்பத் திரும்ப வரும் தமிழ் உரை ஜிஜிப்பில் நன்றாகச் சுருங்கும். அதையும் முன்கூட்டியே சுருக்கி வைத்துவிடுங்கள். பழைய தளத்தின் முகவரிகள் இருந்தால் ஒவ்வொன்றையும் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் பட்டியலை இந்த நாளிலேயே சேர்க்க வேண்டும்.

கடைசியில் ஒரு சோதனை. செயலியையும் டேட்டாபேஸையும் நிறுத்திவிட்டு, கைபேசியில் திருவடுகூர்ப் பதிகத்தைத் திறந்து பாருங்கள். பிறகு எல்லாப் பக்கத்தையும் ஒரு நிரலால் திறக்கச் சொல்லுங்கள். தேடல் வேலை செய்யாது, உள்நுழைய முடியாது, அதில் தவறில்லை. பாடலோ பட்டியலோ ஒரு பக்கத்திலாவது வராமல் போனால், அந்தப் பக்கம் இன்னும் செயலியை நம்பி இருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகு தளத்தைத் திறந்துவிடுங்கள்.